புளியங்கொட்டையை வைத்து ஒரு பகா எண்: 2¹²⁷ − 1

170141183460469231731687303715884105727.

39 இலக்கங்கள். 127 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் இது. இது பகா எண் என்பதை 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் எடுவார் லூகாஸ் கண்டுபிடித்தார். அப்போது கணினி இல்லை. அதற்குப் பிறகு 75 ஆண்டுகள், அதாவது 1951 வரைக்கும், இதைவிடப் பெரிய பகா எண் ஒன்று உலகில் யாருக்கும் தெரியாது.

இந்தச் செய்தியைப் படித்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் "கண்டுபிடித்தார்" என்ற சொல்லை என்னால் அப்படியே விழுங்க முடியவில்லை. காகிதத்தில் உட்கார்ந்து எதை எழுதினார்? கை எங்கே போய் எங்கே வந்தது? லூகாஸ் இந்த வேலையை 127 × 127 கட்டங்கள் கொண்ட ஒரு பலகையில் காய் வைத்துச் செய்யும் விளையாட்டாகவே விவரித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தபோது, சரி, நாமும் செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். 127 கட்டம் என் வீட்டுத் தரையில் கொள்ளாது. 7, 13, 17 என்று சிறிய பலகைகளில் கையால் செய்வது, 127-ஐ மட்டும் லேப்டாப்பில் செய்வது என்று திட்டம். காய்க்கு எங்கும் போகவில்லை. அம்மாவின் பல்லாங்குழிப் பெட்டிக்குள் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை இருந்தது.

முதலில் நேர்வழியை யோசித்துப் பார்த்தேன். சின்ன எண்களால் வகுத்துக்கொண்டே போவதுதான் நேர்வழி. 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். அவற்றில் ஒரு பெரிய சலுகை உண்டு. அடுக்கு 127 என்றால், அந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 254-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்கும். அதோடு, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இந்த இரண்டு சல்லடையிலும் சலித்தால் ஒவ்வொரு 1016 எண்களுக்கும் இரண்டுதான் மிஞ்சும்.

13-க்கு இது அற்புதமாக வேலை செய்கிறது. 2¹³ − 1 = 8191. காரணி இருந்தால் அதில் ஒன்றாவது 90-க்குள் இருக்க வேண்டும். 26-இன் மடங்கோடு 1 கூட்டினால் 27, 53, 79. 27 பகா எண்ணே இல்லை. 53-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5, அதுவும் போயிற்று. மிச்சம் 79 மட்டும். 8191-ஐ 79-ஆல் வகுத்தால் மீதி 54. ஒரே ஒரு வகுத்தலில் 8191 பகா எண் என்று முடிந்துவிட்டது! இதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். பின்னால் இது பெரிய உதவியாக வந்தது.

ஆனால் 127-க்கு? வர்க்கமூலம் ஏறத்தாழ 1.3 × 10¹⁹. சல்லடைக்குப் பிறகும் 2.5 × 10¹⁶-க்கு மேல் எண்கள் மிஞ்சுகின்றன. நொடிக்கு ஒரு கோடி வகுத்தல் செய்யும் நிரல் எழுதினாலும் 81 ஆண்டுகள் ஓட வேண்டும். ஆக லூகாஸ் வகுக்கவில்லை. காரணியைத் தேடாமலே காரணி இல்லை என்று காட்டினார். அந்த வழிதான் எனக்கு வேண்டியிருந்தது.

சோதனை இதுதான். ஓர் எண்ணில் தொடங்க வேண்டும். அதை வர்க்கப்படுத்தி, 2 கழித்து, நம் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதிக்கும் இதையே செய்ய வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை, அதாவது 7-க்கு 5 தடவை, 127-க்கு 125 தடவை. முடிவில் 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 3 வருகிற இடங்களில் 3-இல் தொடங்கலாம். லூகாஸ் 127-க்கு எடுத்தது அந்த வழி. 1930-இல் அமெரிக்கக் கணிதர் டெரிக் லெமர் இதைச் செம்மைப்படுத்தி, 4-இல் தொடங்கினால் ஒற்றைப்படைப் பகா அடுக்குகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நிறுவினார். அதனால் இன்று லூகாஸ்–லெமர் சோதனை என்று பெயர்.

7-உம் 127-உம் 4-ஆல் வகுத்தால் மீதி 3 தருபவை. ஆகவே 7 × 7 பலகையை 3-இல் தொடங்கினால் அது லூகாஸ் செய்ததன் சிற்றுருவம்.

சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்து மூன்று சென்டிமீட்டர் கட்டங்கள் போட்டேன். பத்திகளுக்கு வலமிருந்து இடமாக 1, 2, 4, 8, 16, 32, 64 என்று தலைப்பு. ஓர் எண்ணை இரும முறையில் எழுதினால் எங்கெல்லாம் 1 வருகிறதோ அங்கே ஒரு கொட்டை. 48 என்றால் 32-இலும் 16-இலும் ஒவ்வொன்று. பலகையின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், 127-ஆல் வகுக்கும்போது 128-ம் 1-ம் ஒன்றுதான். அதனால் இடது ஓரத்தைத் தாண்டிப் போகிற கொட்டை வலது ஓரத்தில் 1-இன் பத்திக்குள் வந்து உட்காரும். இரண்டால் பெருக்குவது என்றால் எல்லாக் கொட்டையையும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்துவது, அவ்வளவே. வகுத்தல் என்று தனியாக ஒரு வேலையே கிடையாது.

வர்க்கப்படுத்த, எண்ணில் உள்ள ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். கொட்டை எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அத்தனை கட்டம் முழு எண்ணையும் சுழற்றி அந்த வரியில் வைக்க வேண்டும். பிறகு பத்தி பத்தியாகக் கூட்டல். ஒரு பத்தியில் இரண்டு கொட்டை இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு இடப்பக்கப் பத்தியில் ஒன்று வைக்க வேண்டும். இப்படியே எல்லாப் பத்தியிலும் ஒன்றோ பூஜ்யமோ ஆகும்வரை. இரண்டு கழிப்பதற்கு 2-இன் பத்தியில் உள்ள கொட்டையை எடுத்தால் போதும். அங்கே இல்லாவிட்டால் இடப்பக்கம் உள்ள முதல் கொட்டையைச் சில்லறை மாற்ற வேண்டும்: ஒரு 8-ஐ 4, 2, 2 என்று பிரித்து ஒரு 2-ஐ எடுப்பதுபோல.

3-இல் தொடங்கினேன். வர்க்கம் 9, இரண்டு போக 7. வர்க்கம் 49, இரண்டு போக 47. 47-க்கு ஐந்து கொட்டை, ஆகவே பலகையில் 25 கொட்டை. கூட்டி முடித்தபோது 50 நின்றது. இரண்டு போக 48.

இங்கிருந்து நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன். 48 என்பது நான்காம் இடத்திலும் ஐந்தாம் இடத்திலும் ஒவ்வொரு கொட்டை (வலது ஓரத்தைப் பூஜ்யமாவது இடம் என்று எண்ணுகிறேன்). நான்கு கட்டம் சுழற்றியதில் அவை முதல், இரண்டாம் இடங்களுக்குப் போயின. ஐந்து கட்டம் சுழற்றியதில் இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு. மொத்தம் நான்கே கொட்டை. இரண்டாம் இடத்தில் இருந்த இரண்டும் சேர்ந்து மூன்றாம் இடத்தில் ஒன்றாயின. அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்ததால் அவையும் சேர்ந்து நான்காம் இடத்தில் ஒன்றாயின. மிஞ்சியது 16-இன் பத்தியில் ஒன்று, 2-இன் பத்தியில் ஒன்று. இரண்டைக் கழிக்க 2-இன் பத்தியில் இருந்ததை எடுத்தேன். பலகையில் ஒற்றைக் கொட்டை, 16. அதை வர்க்கப்படுத்துவது என்றால் நான்கு கட்டம் சுழற்றுவது. 32, 64, ஓரம் தாண்டி 1, அப்புறம் 2. அதையும் கழித்தேன். பலகை காலி.

127 பகா எண் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் காலிப் பலகையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மொத்தம் 43 கொட்டை வைத்திருக்கிறேன், ஒரு காரணியைக்கூட முயன்று பார்க்கவில்லை.

பலகை காலியானால் ஏன் பகா எண்? இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த பலகைக்குப் போக மனம் வரவில்லை. 4-இல் தொடங்கும் சோதனைக்குப் பின்னால் நிற்பது 2 + √3 என்ற எண். அதையும் 2 − √3-ஐயும் பெருக்கினால் 1, கூட்டினால் 4. பெருக்கினால் 1 வரும் ஒரு ஜோடியைக் கூட்டி, அந்தத் தொகையை வர்க்கப்படுத்தி, 2 கழித்தால், கிடைப்பது அந்த ஜோடியின் வர்க்கங்களுடைய கூட்டுத்தொகை. ஆக ஒவ்வொரு படியிலும் 2 + √3-இன் அடுக்கு இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. 8191-க்கு முடிவில் 0 வந்தால் அதற்கு என்ன பொருள் என்றால், 2 + √3-ஐ 4096-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் −1 வருகிறது, 8192-ஆம் அடுக்கில்தான் முதன்முதலாக 1 வருகிறது. நடுவில் எங்கும் திரும்பி வராமல் 8192 வெவ்வேறு மதிப்புகளைச் சுற்றி வருகிறது.

இப்போது 8191 பகு எண் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதன் மிகச் சிறிய காரணியின் வர்க்கம் 8191-ஐத் தாண்டாது. அந்தக் காரணியால் மீதி எடுத்தால், "ஓர் எண், அதோடு √3-இன் ஒரு மடங்கு" என்ற வடிவில் கிடைக்கும் மதிப்புகள் மொத்தமே அந்தக் காரணியின் வர்க்கம் அளவுதான். பூஜ்யத்தைத் தள்ளினால் அதிகபட்சம் 8190. வெறும் 8190 நாற்காலி உள்ள கூடத்தில் 8192 பேரை எப்படி உட்கார வைப்பது? முடியாது. ஆகவே காரணி கிடையாது. பகா எண்ணாக இருந்தால் 0 வந்தே தீரும் என்ற மறுபக்கத்தை நிறுவ இன்னும் கொஞ்சம் எண்கணிதம் வேண்டும். எனக்கு இந்தப் பக்கம் பிடிபட்டதே பெரிய நிறைவு.

அடுத்தது 13 × 13. 13-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் 4-இல் தொடங்க வேண்டும். 4, 14, 194 வரை கஷ்டம் இல்லை. பிறகு 4870, 3953. இந்த 3953-க்கு எட்டுக் கொட்டை, ஆகவே பலகையில் 64. சில பத்திகளில் கொட்டைகள் குவிந்து பக்கத்துக் கட்டத்தில் உருண்டன. அதைக் கூட்டி ஒழுங்குபடுத்தவே ஒரு மாலை போயிற்று. மறுநாள் மீதி வரிகளை முடித்தேன். பலகை காலியாகவில்லை. ஏழு கொட்டை நின்றன. கூட்டிப் பார்த்தால் 2951.

79-ஆல் வகுத்துப் பார்த்தது அப்போதுதான் கைகொடுத்தது. 8191 பகா எண் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே தவறு என் கையில். ஒவ்வொரு வரியின் விடையையும் நோட்டில் குறித்திருந்ததால், கால்குலேட்டரில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். 3953-க்கு அடுத்து வர வேண்டியது 5970. நான் எழுதியிருந்தது 5969. அந்த 64 கொட்டையைக் கூட்டும்போது இடது ஓரம் தாண்டிய ஒன்றை வலது ஓரத்தில் வைக்க மறந்திருக்கிறேன். ஒரே ஒரு கொட்டை. அதன் பிறகு வந்த எல்லா வரிகளும் தப்பு.

அதற்குப் பிறகு பலகையின் இடது ஓரத்தில் ஒரு கிண்ணம் வைத்துவிட்டேன். ஓரம் தாண்டுகிற கொட்டை முதலில் கிண்ணத்தில் விழும். ஒரு சுற்று முடிந்ததும் கிண்ணத்தைக் காலி செய்து 1-இன் பத்தியில் வைப்பேன். இதற்குப் பிறகு ஒரு தவறும் வரவில்லை. 5970, 1857, 36, 1294, 3470. இந்த 3470-க்கு 49 கொட்டை. கூட்டக் கூட்ட அவை ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டே போய், கடைசியில் 128-இல் ஒன்று, 2-இல் ஒன்று என்று இரண்டே நின்றன. இரண்டு போக 128. மறுபடியும் ஒற்றைக் கொட்டை! ஏழு கட்டம் சுழற்றினால் 2-இல் வந்து உட்கார்ந்தது. எடுத்தேன். காலி.

இது தற்செயல் இல்லை. முடிவில் 0 வர வேண்டுமானால் அதற்கு முந்தைய வரியின் வர்க்கம் 2 ஆக இருக்க வேண்டும். மெர்சென் பகா எண்ணில் 2-க்கு இரண்டே வர்க்கமூலங்கள். அடுக்கோடு ஒன்று கூட்டிப் பாதியாக்கி, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் ஒன்று கிடைக்கும். மற்றொன்று அதன் எதிரெண். 7-க்கு 2⁴ = 16. 13-க்கு 2⁷ = 128. 127-க்கு 2⁶⁴.

அந்த ஒற்றைக் கொட்டைத் தவறு எனக்கு வேறொன்றையும் காட்டியது. "இல்லை" எப்படி இருக்கும் என்று பார்க்க 11 × 11 பலகையும் போட்டேன். 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, கடைசியில் 1736. பூஜ்யம் இல்லை, பகு எண், சரி. ஆனால் 1736-ஐ எவ்வளவு நேரம் பார்த்தாலும் 23-ம் தெரியாது, 89-ம் தெரியாது. அதைவிட முக்கியம், நடுவில் ஒரு கொட்டை தவறியிருந்தாலும் ஏதோ ஓர் எண் வந்திருக்கும், நானும் பகு எண் என்று எழுதியிருப்பேன். பூஜ்யம் அப்படி இல்லை. 127-அடுக்குப் பலகையில் தப்புத் தப்பாகச் செய்துகொண்டே போய்த் தற்செயலாகச் சரியாகப் பூஜ்யத்தில் முடிய வாய்ப்பு ஏறத்தாழ 10³⁸-இல் ஒன்று. பூஜ்யம் தனக்குத் தானே சாட்சி. மற்ற எந்த விடைக்கும் இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

2⁶⁷ − 1-இன் கதையை இப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். எந்தெந்த அடுக்குகளுக்குப் பகா எண் வரும் என்று 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் தந்த பட்டியலில் 67-உம் இருந்தது. அது தவறு, அந்த எண் பகு எண் என்று 1876-இலேயே லூகாஸ் சொல்லிவிட்டார். ஆனால் காரணி என்ன என்று அவருடைய சோதனை சொல்லாது. 1903-இல் அமெரிக்கக் கணிதர் ஃபிராங்க் நெல்சன் கோல்தான் 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார். பகு எண் என்று தெரிந்த பிறகும் காரணி கைக்கு வர 27 ஆண்டுகள்.

13-க்கு மொத்தம் 261 கொட்டை வைத்தேன், இரண்டு மாலை. லூகாஸின் பலகைக்கு எவ்வளவு ஆகும்? சராசரியாகப் பாதிக் கட்டங்களில் காய் இருக்கும் என்று வைத்தால், ஒரு வர்க்கத்துக்கு 64 × 64 = 4096 காய். 125 வர்க்கங்களுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். என் வேகத்தில் தினமும் மாலை உட்கார்ந்தால் பத்து ஆண்டுகள் தாண்டும். அந்த மனிதர் மீது எனக்கு இருந்த மரியாதை இந்தக் கணக்கைப் போட்ட பிறகு பல மடங்கு ஆனது.

இனி லேப்டாப். பைத்தான் என்ற நிரல்மொழியில் பெரிய எண்களுக்கு வரம்பு இல்லை என்பதால் நிரல் ஐந்தாறு வரிகள்தான். முதல் ஓட்டத்தில் 127-க்கு விடை 2 என்று வந்தது. 7-ஐப் போட்டேன், 2. 13-ஐப் போட்டேன், அதற்கும் 2. 11-க்கு மட்டும் 129. பலகையில் காலி பார்த்த அடுக்குகளுக்கெல்லாம் 2 வருகிறது என்றால் நிரல் ஏதோ உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் வேறு இடத்தில் நின்று சொல்கிறது. பலகையை நினைத்துப் பார்த்தேன். காலிப் பலகைக்கு அப்புறமும் தொடர்ந்தால்? பூஜ்யத்தின் வர்க்கம் 0, இரண்டு போக −2. அதன் வர்க்கம் 4, இரண்டு போக 2. அதன் பிறகு என்றைக்கும் 2 தான். சுற்றை அடுக்கைவிட இரண்டு குறைவாக ஓட்டாமல் அடுக்கு எத்தனையோ அத்தனை தடவை ஓட்டியிருக்கிறேன். இரண்டைக் குறைத்தேன்.

127-க்கு 0.

அதற்கு முந்தைய வரி 2⁶⁴ அல்லது அதன் எதிரெண்தானா என்று கேட்கும் ஒரு வரியையும் சேர்த்து ஓட்டினேன். ஆம் என்றது. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. லூகாஸ் ஐந்து லட்சம் காய்களுக்கு ஈடான கணக்கைப் போட்டு எட்டிய அதே இடம்.

பிறகு ஆசை விடவில்லை. 521, 607: இந்த இரண்டையும் 1952 ஜனவரி 30 அன்று ஒரே இரவில் ரஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஸ்வாக் என்ற கணினியில் கண்டுபிடித்தது. எனக்கு உடனே 0. 2203, 2281, 4423, எல்லாம் உடனே. 19937-க்குச் சில நொடிகள். இது 1971-இல் பிரையன்ட் டக்கர்மன் கண்டது, 6002 இலக்கங்கள். பைத்தானில் தற்செயல் எண் கேட்டால் அதைத் தருகிற மெர்சென் ட்விஸ்டர் என்ற முறைக்கு அடித்தளம் இந்த அடுக்குதான். எண்ணையே திரையில் பார்த்துவிடலாம் என்று அச்சிடச் சொன்னால் பிழைச் செய்தி வந்தது. சோதனை சரியாக ஓடுகிறது, அச்சிட மட்டும் மறுக்கிறது! தேடியதில் தெரிந்தது: புதிய பைத்தானில் 4300 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணைப் பதின்ம எழுத்தாக மாற்றுவதற்குப் பாதுகாப்புக்காக ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பை நீக்கும் கட்டளையை ஒரு வரியில் சேர்த்ததும் 6002 இலக்கங்களும் திரையை நிறைத்தன.

வேகத்தைக் கூட்டியதும் பலகையில் கற்றதுதான். வகுத்து மீதி எடுக்கச் சொல்லாமல், எண்ணின் இடப்பாதியை வெட்டி வலப்பாதியோடு கூட்டச் சொன்னேன். ஓரம் தாண்டிய கொட்டை வலது ஓரத்தில் விழுவதற்கு இதுதான் நிரல் வடிவம். இந்த ஒரு பண்புக்காகவே, தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்கத் துறையில் இந்த எண்களைத் தேடிப் பயன்படுத்துகிறார்கள். பி-521 என்ற நீள்வட்ட வளைவுத் தரநிலை 2⁵²¹ − 1-இன் மேல் நிற்கிறது. ஃபோர்க்யூ என்ற வளைவு நம் 2¹²⁷ − 1-இன் மேலேயே நிற்கிறது. 2024 அக்டோபரில் லூக் டூராண்ட் கண்டெடுத்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-க்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். அதுவும் முதலில் வேறொரு சோதனையில் தட்டுப்பட்டு, பிறகு லூகாஸ்–லெமர் சோதனையில் பூஜ்யம் வந்து உறுதியானதுதான்.

லேப்டாப்பை மூடிவிட்டுக் கடைசியாக ஒரு பலகை போட்டேன், 17 × 17. கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் கூட உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கொட்டை வைப்பது, கிண்ணத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு. நான்கு நாட்கள் ஆயின. 4, 14, 194, 37634, 95799, 119121 என்று போய், கடைசிக்கு முந்தைய வரிக்கு 130559 வந்தது. ஒற்றைக் கொட்டையை எதிர்பார்த்திருந்த எனக்குத் திக்கென்றது. பலகை வரியில் 16 கொட்டை. ஒன்பதாம் இடம் ஒன்று மட்டும் காலி. இதை வர்க்கப்படுத்த 256 கொட்டை வைக்க வேண்டும். எங்கோ தவறிவிட்டோம் என்றே நினைத்தேன்.

அவள்தான் கேட்டாள். "மாமா, கொட்டை இருக்கிற இடத்தையும் இல்லாத இடத்தையும் மாத்திட்டா என்ன ஆகும்?"

மாற்றினால் எதிரெண் ஆகும். இரண்டையும் கூட்டினால் எல்லாக் கட்டமும் நிறையும். எல்லாக் கட்டமும் நிறைந்தால் அது 131071, நம் கணக்கில் அது பூஜ்யம். எதிரெண்ணின் வர்க்கமும் அதே வர்க்கம்தான். இத்தனை நாளும் 3953-க்கு 64 கொட்டை வைத்துக் கஷ்டப்பட்டேனே, திருப்பி வைத்திருந்தால் 25 போதும்! பாதிக்கு மேல் நிறைந்த எந்த வரியையும் திருப்பிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பதினாறையும் எடுக்கச் சொன்னேன். காலியாக இருந்த ஒன்பதாம் இடத்தில் அவள் ஒரு கொட்டையை வைத்தாள். 512. ஒன்பது கட்டம் எண்ணிக்கொண்டே நகர்த்தினாள். ஏழாவது எண்ணிக்கையில் இடது ஓரத்தின் கடைசிக் கட்டம், எட்டாவதில் கிண்ணத்தில் விழுந்து 1-இன் பத்திக்கு வந்தது, ஒன்பதாவதில் 2.

"எடுத்துடட்டுமா மாமா?"

"எடு."